சுவரில் எங்களுக்கும் ஒரு பங்கு

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையின் ஓட்டு வீடுகளில் சுவர்கள் காலியாகும். வெள்ளையடிக்க ஆள் வந்துவிடுவார். ஊறிக் கொதித்து அடங்கிய சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து வாசலில் வைத்திருப்பார்கள். உள்ளே படங்களை இறக்கும் வேலை நடக்கும். அதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் சாமி படங்கள். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, கட்டில்மேல் பழைய புடவை விரித்து அடுக்குவார்கள். அடுத்து மாலை போட்ட தாத்தா படம். பிறகு கல்யாண போட்டோ, கடிகாரம், காலண்டர். கடைசியில் மிஞ்சுவது பிள்ளைகள் ஒட்டிய போஸ்டர்.

அதை இறக்க முடியாது. சோற்றுப் பருக்கையைக் குழைத்தோ, மைதாப் பசை காய்ச்சியோ ஒட்டியது. சுவரோடு சுவராகிப் போயிருக்கும். தோசைக் கரண்டியால் சுரண்டுவார்கள். வந்த துண்டுகள் போகி நெருப்புக்குப் போகும். வராததன் மேலேயே மட்டை ஓடும். ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி. பூசும்போது கபில்தேவின் மீசை அதன் வழியே அப்படியே தெரியும். காயக் காயத்தான் மறையும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முகம் முழுசாக வெளுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாமிகளும் தாத்தாவும் மறுநாளே தங்கள் ஆணிக்குத் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளின் இடம் மட்டும் ஒவ்வொரு தைக்கும் வெறுமையாகத் தொடங்கும்.

சிறுவயதுப் படுக்கையறையில் ஒட்டிய போஸ்டர்களைப் பற்றி இன்று உலகம் முழுக்க ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1976-இல் வெளியான ஃபாரா ஃபாசெட்டின் சிவப்பு நீச்சலுடைப் போஸ்டர் இலட்சக்கணக்கான பையன்களின் அறைகளில் தொங்கியது. அங்கே பிள்ளைக்கு ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு கதவு. கதவைச் சாத்திவிட்டால் சுவர் முழுக்க அவன் ராஜ்ஜியம். எண்பதுகளின் திருவண்ணாமலையில் எங்களுக்கு அறையும் இல்லை, கதவும் இல்லை. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். பகலில் அதே கூடத்தில் விருந்தாளி உட்காருவார், அம்மா அரிசி புடைப்பார், அப்பா கணக்கு எழுதுவார். அந்தச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டுவதென்றால் வீட்டுப் பெரியவர்கள், செத்துப்போன பெரியவர்கள், தெய்வங்கள் என்று எல்லாரோடும் பேசி ஒரு முழம் இடம் வாங்குவது. எங்கள் தலைமுறை நினைத்து ஏங்குவது காகிதத்தை என்று நான் நம்பவில்லை. எல்லாரும் புழங்கும் ஒரு கூடத்தில், எனக்குப் பிடித்தவர் இவர் என்று எல்லாரும் பார்க்க ஒட்டி வைத்த அந்தத் துணிச்சலை நினைத்துத்தான் ஏங்குகிறோம்.

மலையைப் பார்க்கும் சன்னலுக்குப் பக்கத்தில் மலையின் படம்

வெளியூர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு விஷயம் அவர்களுக்கு விளங்காது. சன்னலைத் திறந்தால் 2,668 அடி உயரத்துக்கு அண்ணாமலை நிற்கிறது. அந்தச் சன்னலை ஒட்டிய சுவரிலேயே அதே மலையின் படத்தை மாட்டியிருப்போம். படத்தில் மலை உச்சியில் எப்போதும் தீபம் எரியும். கீழே அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும், நடுவில் அர்த்தநாரீசுவரர், ஓரத்தில் ராஜகோபுரம். உண்மையில் மகாதீபம் கார்த்திகையில் ஏற்றி 11 நாள் எரிந்து அணைந்துவிடும். படத்தில் அது சித்திரை வெயிலிலும் ஆடி மழையிலும் எரிந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் படம் பிடிக்க அது போதும்.

மலைப் படத்துக்கு அடுத்த ஆணி ரமணருக்கு. ஊரில் ரமணர் படம் இல்லாத வீடு குறைவு. பக்தி இருக்கிறதோ இல்லையோ, படம் இருக்கும். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை ஊரை விட்டு நகராதவர் அவர். எங்கள் பாட்டன்மார்கள் கண்ணால் பார்த்த மனிதர். பெரும்பாலான வீடுகளில் தொங்குவது பெங்களூர் புகைப்படக் கலைஞர் ஜி.ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம். வெள்ளைத் தாடி, லேசான புன்னகை, நேரே பார்க்கும் கண்கள். அந்தப் படத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு சோதனை செய்து பார்த்திருப்பார்கள். கூடத்தின் இந்த மூலையில் நின்றால் நம்மைப் பார்க்கிறார். மெல்ல நடந்து அந்த மூலைக்குப் போனாலும் நம்மையே பார்க்கிறார். காமிராவை நேராகப் பார்த்து எடுத்த எந்த முகத்துக்கும் இது பொது என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போது முதுகில் பட்ட அந்தப் பார்வை, விளக்கம் தெரிந்த பிறகும் போகவில்லை.

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் ரமணரின் கடைசி நாட்களில் இந்த ஊரில் இருந்து படம் எடுத்தார். அவருடைய படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எங்கள் சுவர்களுக்கு வந்தது வெல்லிங் எடுத்த முகம்தான். சுவருக்கு எந்தப் படம் வரவேண்டும் என்பதை வீடுகள் தாங்களே தேர்ந்துகொண்டன. பேச வேண்டும்போலத் தோன்றும் முகத்தைத்தான் அவை தேர்ந்தெடுத்தன.

மூன்றாவது ஆணி விசிறிச் சாமியாருக்கு. 1959-இல் வடக்கேயிருந்து வந்து, தேரடியிலும் பிறகு சன்னதித் தெருவிலும் வாழ்ந்து, 2001-இல் மறைந்த யோகி ராம்சுரத்குமார். பனையோலை விசிறி, கொட்டாங்குச்சி, முண்டாசு, நரைத்த தாடி, கையில் சிகரெட். பிள்ளைகளுக்கு இவர் வேறு வகைப் பரிச்சயம். பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்த மனிதர், மாலையில் வீட்டுக்கு வந்தால் சுவரில் இருப்பார். சினிமா நட்சத்திரத்தின் போஸ்டரை ஒட்டும் சென்னைப் பிள்ளைக்கு அந்த நடிகர் தெருவில் எதிர்ப்படப் போவதில்லை. எங்களுக்குச் சுவரில் இருந்தவர் வாசலைக் கடந்தும் போவார்.

இந்த மூன்று படங்களுக்குக் கீழே, அல்லது கொஞ்சம் தள்ளி, கட்சித் தலைவர். அண்ணாவோ எம்.ஜி.ஆரோ கலைஞரோ காமராசரோ, அந்தந்த வீட்டைப் பொறுத்தது. 1987 டிசம்பர் 24-க்குப் பிறகு பல வீடுகளில் எம்.ஜி.ஆர். படம் கட்சித் தலைவர் வரிசையிலிருந்து சாமி வரிசைக்கு மேலேறியதைப் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்து, ஊதுவத்தி ஏற்றி. பூ சாத்திய நாகூர் தர்கா படமும், மின்விளக்கு போட்ட வேளாங்கண்ணி மாதா படமும் பக்கத்துத் தெரு வீடுகளில் இதே உயரத்தில் இருந்தன. கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீடென்றால் கொழுகொழு குழந்தைப் படம் ஒன்று படுக்கைக்கு எதிரே கட்டாயம் வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படியே பிறக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் படத்தை யாரும் எடுக்கமாட்டார்கள்.

கோவில்பட்டிக்குப் போன ஓவியர்

சுவரில் இருந்த லட்சுமியும் மீனாட்சியும் முருகனும் எங்கே வரையப்பட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு கையொப்பம் இருக்கும். சி. கொண்டையராஜு.

1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். மதராஸ் ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். இளம் வயதில் துறவில் நாட்டம் ஏற்பட்டு அவர் வந்து சேர்ந்த இடம் திருவண்ணாமலை. ரமணரின் அண்மையில் சில காலம் இருந்தார். பிறகு இங்கிருந்து புறப்பட்டு, ஒரு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதுகிறவராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். நாற்பதுகளில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அங்கே அவரைச் சுற்றி ஒரு மாணவர் கூட்டம் உருவாயிற்று. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று பல கைகள். பக்கத்தில் சிவகாசி. இவர்கள் வரைந்தார்கள், சிவகாசி அச்சடித்தது, தமிழ்நாட்டின் வீடுகள் மாட்டிக்கொண்டன. 1976-இல் அவர் இறந்தபோது, அவர் கைபட்ட தெய்வங்கள் இல்லாத தெரு இந்த மாநிலத்தில் இருந்திருக்காது.

கஜலட்சுமி படத்தை நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். தாமரைமேல் அம்மன், இருபுறமும் யானைகள். முகம் நேராக நம்மைப் பார்க்கும். கன்னத்தில் வெளிச்சமும் நிழலும் ஓவியப் பள்ளியில் கற்றபடி விழும். பின்னால் நீர், வானம், தூரத்துக் காட்சி. நாடக மேடையின் படுதா அது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து சாமி வேடம் போட்ட நடிகரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட சனங்களுக்காகப் பின்னணி எழுதிய கைதான் இதையும் எழுதியது. அந்த வகையில் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கும் நாங்கள் ஒட்டிய சினிமா போஸ்டருக்கும் தாய்வீடு ஒன்று. அப்பா அதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

இதில் எனக்குத் தனி நெகிழ்ச்சி உண்டு. எல்லாவற்றையும் விட வந்த ஒருவர் இந்த மலையடிவாரத்தில் சில காலம் இருந்துவிட்டு, திரும்பிப் போய், கோடிக்கணக்கான எளிய மனிதர்களின் கூடத்துக்கு ஒரு தெய்வ முகத்தைக் கொடுத்தார். கோவிலுக்குள் கருவறை இருட்டில் ஒரு கணம் கற்பூர வெளிச்சத்தில் பார்த்ததை, சமைக்கும்போதும் தூங்கும்போதும் பார்க்கும்படி செய்தார். சேரிக்கும் குடிசைக்கும் அந்தப் படம் போயிற்று. கோவில் வாசல்படி மிதிக்க விடாமல் தடுக்கப்பட்ட வீடுகளிலும் அம்மன் நேருக்கு நேர் பார்த்தாள்.

இதற்கு முன்னோடி ராஜா ரவிவர்மா. 1894-இல் பம்பாய்ப் பக்கம் அவர் தொடங்கிய கல்லச்சு அச்சகம் லட்சுமியையும் சரசுவதியையும் வீடுகளுக்கு அனுப்பியது. கல்லில் வரைந்து காகிதத்துக்கு மாற்றும் அந்த வித்தையை ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது 1796-இல். சிவகாசிக்கு அது வந்தது வேறு காரணத்துக்காக. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டர் அடித்தன, காலண்டரோடு சேர்ந்து தெய்வங்களை அடித்தன, அதற்கும் பிறகு எங்கள் கதாநாயகர்களை அடித்தன. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

சன்னதித் தெரு பாத்திரக் கடையும் அரிசி மண்டியும் நகைக்கடையும் தைக்கு முன்னால் கொடுத்த காலண்டர்கள்தான் எங்கள் வீட்டின் முதல் போஸ்டர்கள். ஆண்டு முடிந்ததும் மேலும் கீழும் இருக்கும் தகரப் பட்டையைப் பிரித்து, தேதித் தாளை நீக்கி, படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுவோம். கடையின் பெயர் சிலசமயம் அடியில் தங்கிவிடும். அதனால் எங்கள் வீட்டு முருகன் காலடியில் பல ஆண்டுகள் ஒரு ஜவுளிக்கடையின் முகவரி இருந்தது.

பெயர் பார்த்துத் தப்பித்த போஸ்டர்

சினிமா போஸ்டருக்கு வீட்டில் இடம் வாங்குவதுதான் கடினம். "படிக்கிற எடத்துல இன்னாடா சினிமாக்காரன் படம்?" என்பார் அப்பா. பத்திரிகையோடு இலவசமாக வரும் ப்ளோ-அப், 'பேசும் படம்', 'பொம்மை' இதழ்களில் வெட்டியது, தேரடியில் துணி விரித்து விற்பவரிடம் பேரம் பேசி வாங்கியது, இவை போக இன்னொரு வழியும் இருந்தது. போஸ்டர் ஒட்டுகிறவரைச் சிநேகம் பிடிப்பது. சைக்கிள் கைப்பிடியில் பசை வாளி, கேரியரில் மடித்த காகிதக் கட்டு. இராத்திரி இரண்டாவது ஆட்டம் விட்ட பிறகு அவர் தெருவுக்கு வருவார். பெரிய போஸ்டர்கள் நாலு ஷீட், ஆறு ஷீட்டாக வரும். நெற்றியும் கண்ணும் ஒன்றில், மூக்கும் வாயும் ஒன்றில், தோள் இன்னொன்றில். எங்கள் கூடத்துக்கு அது அடங்காது. ஒரே ஷீட்டில் முழு முகம் வரும் சின்ன போஸ்டருக்காகக் கெஞ்சுவோம். வாளியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு தெரு நடந்தால் ஒன்று கிடைக்கும்.

1992-இல் ரஜினிகாந்தின் 'அண்ணாமலை' வந்தது. அந்தப் போஸ்டரை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கும் மேசைக்குமேல் ஒட்டினேன். மாலை அப்பா வந்து பார்த்தார். கிழிக்கக் கை நீட்டியவரை ஆயா தடுத்தார். "அண்ணாமலையாரு பேரு பெருசா போட்டிருக்குது. அத்தப் போயி கிழிக்கிறியா நீ?" அப்பாவின் கை இறங்கியது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ரஜினியையும் தெரியும். தெரிந்தேதான் காப்பாற்றினார் என்பது என் எண்ணம். அவர் காலத்தில் அவருக்கென்று சுவரில் ஒரு முழம் யாரும் கொடுத்ததில்லை.

ஐந்தாண்டு கழித்து, 1997-இல் 'அருணாசலம்' வந்தது. ஒரே நடிகருக்கு எங்கள் ஊர்ச் சாமியின் இரண்டு பெயர்களிலும் படம். அந்த ஆண்டுகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. வழிநெடுகக் கடைகள். ஒரே கயிற்றில், ஒரே கிளிப்பில் லிங்கத்தின் படமும் ருத்ராட்சம் போட்ட ரஜினியின் படமும் தொங்கின. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

விளையாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு எதிர்ப்பு இல்லை. 1978-இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' வாரா வாரம் நடுப்பக்கத்தில் ஒரு போஸ்டர் கொடுத்தது. பின்னைக் கிழியாமல் பிரிப்பது ஒரு கலை. சேஃப்டி பின்னின் முனையால் நெம்பி, இரண்டு காலையும் நிமிர்த்தி, உருவ வேண்டும். அவசரப்பட்டால் சரியாக வயிற்றில் கிழியும். 1983 ஜூன் 25-க்குப் பிறகு கபில்தேவ். 1986-க்குப் பிறகு மரடோனா. கால்பந்தே ஆடாத தெருக்களில் மரடோனா இருந்தார். நூலகத்தில் வார இதழ் வந்ததும் நடுப்பக்கம் மாயமாகிவிடுவது எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விடுதி மாணவர்களுக்கும் எந்த மறுப்பும் இல்லாமல் கிடைத்த ஒரே போஸ்டர் விவேகானந்தர். தலைப்பாகை, கட்டிய கைகள். இந்தப் படத்தின் வரலாறு தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 1893-இல் சிகாகோ சர்வசமய மாநாட்டின்போது தாமஸ் ஹாரிசன் என்ற அந்நகரத்துப் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அங்கேயே கோஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அதைப் போஸ்டராக அடித்து நகரெங்கும் ஒட்டியது. அவரே முதலில் ஒரு போஸ்டராகத்தான் சுவருக்கு வந்தார். பாரதி, பகத்சிங், சே குவேரா, புரூஸ் லீ ஆகியோரும் அவரவர் ஆட்கள் மூலம் வந்து சேர்ந்தார்கள். எங்கள் தெரு உடற்பயிற்சிக் கூடத்தில் ஆஞ்சநேயருக்கும் புரூஸ் லீக்கும் ஒரே மாலை.

டிரங்குப் பெட்டி மூடி

இதுவரை சொன்னதெல்லாம் பையன்களின் சுவர். பெண் பிள்ளைகளுக்குக் கூடத்துச் சுவரில் பங்கு கிடைக்கவில்லை. ஒரு பெண் தனக்குப் பிடித்த நடிகரின் படத்தை எல்லாரும் பார்க்க ஒட்டுவது அந்தக் காலத்தில் வீட்டுக்குள் ஒரு விசாரணையைத் தொடங்கிவைக்கும். அவர்கள் வேறு இடம் கண்டுபிடித்தார்கள். பீரோ கதவின் உள்பக்கம். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பழுப்பு அட்டைக்கு அடியில். எல்லாவற்றையும்விடப் பத்திரமாக, டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம்.

என் அக்காவின் தகரப் பெட்டி மூடியில் பி.டி. உஷா இருந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவிப்போன உஷா. அவரைச் சுற்றி வார இதழ் அட்டைகளிலிருந்து வெட்டிய பெண் முகங்கள். ஓவியர் மாருதி வரைந்தவை என்று இப்போது அடையாளம் தெரிகிறது. கமல்ஹாசனும் இருந்தார், மூலையில், சின்னதாக. பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு எதிரே அவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். பாவாடை தாவணியை எடுத்துக்கொண்டு மூடினால் இருட்டுக்குள் போய்விடுவார்கள். அக்கா ஓட்டப்பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டாள் என்பதே எங்கள் வீட்டில் அவள் கல்யாணமாகிப் போன பிறகு, பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

அந்த மூடிகளுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. சுண்ணாம்பு அங்கே எட்டவில்லை. வெயிலும் எட்டவில்லை. சுவரில் ஒட்டியவற்றை வெயில் தின்றுவிடும். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் பின்தங்கி நிற்கும். டீக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பழைய போஸ்டர்களில் எல்லாரும் நீல நிறமாக இருப்பது அதனால்தான். மைதாப் பசைக்காகக் கரையான் வரும், சுவர் ஓதம் ஏறும். பெட்டி மூடிக்குள் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்துகள் இல்லை. கல்யாணத்தின்போது பெட்டியோடு அவர்களும் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். பையன்கள் ஒட்டிய போஸ்டர் ஒன்றும் ஊரைத் தாண்டவில்லை. பெண்கள் ஒளித்து வைத்தவை போளூருக்கும் செங்கத்துக்கும் பெங்களூருக்கும் பயணம் போயின.

ஆணி அடிக்கக் கூடாது

இன்றைய வீடுகளில் சுவருக்குப் புட்டி பூசி, எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். வாடகை பேசும்போதே ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். சொந்த வீட்டிலும் டேப் ஒட்டினால் பெயிண்ட் உரியும் என்று பிள்ளைகளைத் தடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்த வீட்டில் சுவர் அழுக்காவது பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை, தை வந்தால் வெளுத்துவிடும். ஒருமுறை அடித்தால் ஏழெட்டு ஆண்டு நிற்க வேண்டிய பெயிண்ட், பிள்ளைகளின் பங்கைப் பறித்துவிட்டது.

பிள்ளைகளின் பிரியம் குறைந்துவிடவில்லை. 2024 தொடக்கத்தில் கரூர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர், தங்களுக்குப் பிடித்த கொரிய பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்கக் கப்பல் ஏறிப் போவதாகப் புறப்பட்டு, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வயதில் மரடோனாவைப் பார்க்க வழி தெரிந்திருந்தால் நாங்களும் புறப்பட்டிருப்போம். ஆனால் எங்கள் மரடோனா கூடத்தில் இருந்தார். அப்பா திட்டுவார், மாமா வந்தால் யார் இது என்று கேட்பார், நாம் எழுந்து நின்று பதில் சொல்வோம். பிடித்ததைப் பற்றி வீட்டில் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. இன்றைய பிள்ளையின் படம் கைப்பேசித் திரையில் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதுமில்லை. ஒரு மாத வாடகை முன்பணத்தில் பெயிண்டுக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளை ஒட்ட விடுங்கள்.

பழைய படங்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரம் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக வாழ்கிறது. 2006-இல் தொடங்கிய 'தஸ்வீர் கர்' போன்ற இணையக் காப்பகங்கள் காலண்டர் ஓவியங்களைத் திரட்டுகின்றன. கிறிஸ்டோபர் பின்னி, கஜ்ரி ஜெயின் போன்ற ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் காப்பகத்தில் ஒவ்வொரு படமும் தனியாக இருக்கிறது. ரமணருக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர்., அவருக்குக் கீழே கபில்தேவ், கதவுக்குப் பின்னால் ரஜினி என்று ஒரு வீடு தனக்காக அமைத்துக்கொண்ட அந்த வரிசை எந்தக் காப்பகத்திலும் இல்லை.

அது இருக்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். வீட்டில் எடுத்த பழைய போட்டோக்களை எடுங்கள். முதல் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, பெண் பார்க்க வந்த அன்று எடுத்தது. முகங்களை விட்டுவிட்டுப் பின்னால் சுவரைப் பாருங்கள். பாதி காலண்டர், ஒரு போஸ்டரின் மூலை, பிளாஷ் பட்டு வெளுத்த சட்டம் என்று ஏதாவது தெரியும். பெரியவர்கள் இருக்கும்போதே எது யார் ஒட்டியது என்று கேட்டு, போட்டோவின் பின்பக்கம் எழுதி வையுங்கள். திருவண்ணாமலையில் ஓட்டு வீடுகளை இடித்து விடுதி கட்டும் வேகத்தில், இன்னும் சில ஆண்டுகளில் சுவர்களே மிஞ்சாது. இடிக்கும் முன் நாலு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பழைய காகிதம் எட்டிப் பார்த்தால் அதையும்.

பரணில் அம்மாவின், அத்தையின், அக்காவின் டிரங்குப் பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள்.